பாஸ்டியைக் காணவில்லை, பாராட்டு மட்டும் குவிகிறது

ஃபால்மத்,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் இமோஜன் அம்மையாருக்கு, டென்சில் டிரெகென்சா பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி மொர்வென்னாவும் நலம். தாங்களும் நலமென்றே நம்புகிறேன். நலமில்லாதவை பூனைகள்தான்.

நம் புத்தகத்தின் நாயகன், என் பூனை பாஸ்டியைக் காணவில்லை. திங்கட்கிழமை பின்கதவில் பூனைகளுக்கென்று வெட்டிய சின்னக் கதவு வழியே வெளியே போனவன் திரும்பவில்லை. அவன் தங்கை கிப்பர் அதன் எதிரே உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டைத் தொட மறுக்கிறாள். நான் மட்டும் என்ன, ஒரு வரி எழுதுவேன், அந்தக் கதவு ஆடும், ஓடிப் பார்த்தால் கடற்காற்று, திரும்பி வந்து உட்காருவேன், மறுபடி ஆடும், மறுபடி ஓடுவேன்.

சுவரொட்டி ஒட்டலாம் என்றாள் மொர்வென்னா. லண்டனில் பூனை உணவுக்கும் மெத்தைக்கும் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவனுக்குச் சொந்தப் பூனைக்கு எழுத வராதா என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து செதுக்கினேன். ‘மழை நாளில் மடி தேடி வரும் வெயில். அவன் இல்லாத நாற்காலி வெறும் மரம்.’ கீழே எங்கள் தொலைபேசி எண். நிறம், அடையாளம் என்று எதையும் போட்டு அழகைக் கெடுக்கவில்லை. எங்கள் தொழிலில் பொருளை விவரிக்க மாட்டோம், ஏக்கத்தைத்தான் விற்போம்.

நன்றாகவே விற்றது. தொலைபேசி ஓயவில்லை. இந்த ரகப் பூனை எங்கே கிடைக்கும் என்று ஓர் அம்மாள் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்ளப் பாதிரியார் அனுமதி கேட்டார். பூனையைத் தேடியவர் ஒருவரும் இல்லை.

மொர்வென்னா அந்தச் சுவரொட்டியை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டாள்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம பூனை எங்க இருக்கு?”

நம் புத்தகத்தின் கைப்பிரதியைப் புரட்டினேன். அதிலும் அவன் இல்லை. என் காலணிக்குள் வாந்தியெடுப்பவனை ‘இல்லத்தின் அமைதித் தூதன்’ என்று எழுதியிருக்கிறேன். ஆகவே அச்சை நிறுத்திவிடுங்கள். இந்தப் புத்தகம் வேண்டாம். அவன் இல்லாமல் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, வேறு எதிலும் அக்கறையில்லை.

தங்கள் கணவருக்கும் அந்தக் கிழட்டு நாய்க்கும் என் அன்பைச் சொல்லவும்.

தங்கள்
டென்சில்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். பாஸ்டி வந்துவிட்டான். எனக்குத் தெரியாமல் மொர்வென்னா என் சுவரொட்டிகளின் மேல் வேறொன்றை ஒட்டியிருக்கிறாள்: ‘செம்பட்டைப் பூனை. வலது காது கிழிந்தது. கடிக்கும். எங்களுடையது.’ அதைப் பார்த்ததும் எதிர்வீட்டுக் கிழவர் ஜேகோ, விரலில் கட்டோடு, அவனைத் தூக்கி வந்தார். இத்தனை நாளும் அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறான். என் சுவரொட்டி கண்ணில் படவில்லையா என்று கேட்டேன்.

“தினமும் படிப்பேன் தம்பி. இவனை மடியில வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியாப் படிப்பேன். இப்படி ஒரு பூனை நமக்கு வாய்க்கலையேன்னு ஏக்கமா இருக்கும்.”

புத்தகம் உண்டு. முதல் அத்தியாயத்தை மொர்வென்னா புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் பாஸ்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கடிக்கிறான். சந்தோஷமாக இருக்கிறது.