காவலூர் யானையின் பின்பாதி

பெண் கேட்டுப் போகிறவன் பழம் வாங்கிக்கொண்டு போகலாம், பூ வாங்கிக்கொண்டு போகலாம், வெறுங்கையை வீசிக்கொண்டும் போகலாம். வரலாறு படித்துவிட்டு மட்டும் போகக் கூடாது. நான் படித்துவிட்டுப் போனேன்.

அப்போது நான் பாரிசில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். சொந்த ஊர் ஈரோடு. ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கத்தில் ஓர் அறை. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். படுக்கையில் உட்கார்ந்தபடியே அடுப்பை அணைக்கலாம். சோறு வேண்டுமென்றால் ஒரு ஸ்டேஷன் தள்ளி லா சப்பலுக்குப் போக வேண்டும். அங்கே காதில் விழுவதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழ். அவர்கள் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் பேசியது அவர்களுக்கு முழுக்கப் புரிந்தது, அதனால்தான் சிரித்தார்கள். ("சொல்லுங்கோ" என்றால் யாழ்ப்பாணம், "சொல்லுங்க" என்றால் இந்தியா. ஒரு காலும் கொம்பும் போனால் நாடே மாறிப்போகும்.)

ஜெசிந்தா என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. நான் கேன்டீனில் அம்மாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்து, "பாவம் உங்கடை அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் எங்கள் பேச்சு கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது, அவள் அப்பா வரைக்கும்தான் போகவில்லை.

அப்பா சூசைப்பிள்ளைக்கு லா சப்பலில் மளிகைக் கடை. ஊர் ஊர்காவற்றுறை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவில் இருக்கிற துறைமுகப் பட்டினம். அந்த ஊர்க்காரர்கள் செல்லமாகக் காவலூர் என்பார்கள். அவருடைய அப்பா பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல், அதாவது கப்பலுக்குத் தலைவர். சூசைப்பிள்ளை ஊரைவிட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் அந்தக் கப்பலிலிருந்து இறங்கவே இல்லை. அவர் கடையில் வெண்டைக்காய் வாங்கினால் துறைமுகத்தின் கதை இலவசம்.

"அப்பாவோடை ஊரைப் பற்றிக் கதையும். ஆள் உருகிப்போயிடுவார்" என்றாள் ஜெசிந்தா.

நான் ஈரோட்டுக்காரன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது உப்பு என்பது மட்டும். இருந்தாலும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் விழுந்து விழுந்து படித்தேன். பக்கத்துத் தீவான நயினாதீவில் ஒரு சிங்கள அரசன் தமிழில் வெட்டிவைத்த கல்வெட்டு இருக்கிறது. பரதேசத்து வணிகர்கள் எல்லாரும் ஊர்காவற்றுறைக்கே வர வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் இங்கே உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, மிச்சம் சொந்தக்காரனுக்கு என்றும் சொல்கிறது. பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். கப்பல் வந்து அணையும் துறைக்கு அவர்கள் பாஷையில் உள்ள சொல்லிலிருந்துதான் கைட்ஸ் என்ற பெயர் வந்ததாம். பிறகு ஒல்லாந்தர். கடலுக்கு நடுவே நிற்கும் சின்னக் கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயருக்குப் பன்றித் தொடையின் குதிகால் என்று அர்த்தம். யாழ்ப்பாணம் வரைபடத்தில் பன்றித் தொடைபோல இருந்ததாம் அவர்கள் கண்ணுக்கு. (பசியோடு வரைபடம் பார்த்திருப்பார்கள்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்குள் நுழைந்தேன். கடை நிறையக் கூட்டம். இத்தனை படித்ததில், பயத்தில் எனக்கு நினைவில் நின்றது ஒன்றே ஒன்றுதான்.

"வணக்கமுங்க. உங்க ஊர்க் கோட்டைக்குப் பன்னித் தொடைன்னு பேருங்களாமா?"

வல்லாரை பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்கள் அதைக் கடற்கோட்டை எண்டுதான் சொல்லுறனாங்கள்" என்றார் சூசைப்பிள்ளை மெதுவாக. "தம்பிக்கு என்ன வேணும்?"

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒரு மணி நேரம் பேசி அவர் உருகிய பிறகு சொல்வதற்காக வைத்திருந்த வாக்கியம். "என்ன வேணும்" என்று கேட்டதும் அது தானாக வெளியே வந்துவிட்டது.

"உங்க பொண்ணு வேணுங்க."

சூசைப்பிள்ளை தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது கடையிலை இல்லை. முருங்கைக்காய் கிடக்கு" என்றார்.

(முருங்கைக்காய் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதைச் சமைக்கவும் எனக்குத் தெரியாது.)

அதற்குப் பிறகு அவர் வீட்டில் என் பேச்சை எடுத்தாலே ரேடியோ சத்தத்தைக் கூட்டினாராம். ஜெசிந்தா பிரெஞ்சில் அழுதாள், தமிழில் சண்டை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வருடம் காவலூர்க்காரர்களின் ஒன்றுகூடல் பாரிசை அடுத்த வில்லியே லே பெல்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காவலூரில் கூத்துக்குப் பேர்போன காலம் ஒன்று இருந்தது. அதைப் பாரிசிலும் விடக் கூடாது என்று ஊர்த் துறைமுகத்தின் கதையையே கூத்தாகப் போட ஏற்பாடு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார்தான் எழுதி, பாடி, துறை அதிகாரியாக நடிக்கவும் செய்தார். முதல் காட்சியில் கப்பலிலிருந்து ஒரு யானை இறங்கும். யானையின் முன்பாதி சூசைப்பிள்ளை, பின்பாதி அவருடைய அண்ணன் மகன் ஜூட்.

யானையைக் கடை அட்டைப்பெட்டிகளில் செய்திருந்தார்கள். காது இரண்டும் சுளகு. (எங்கள் ஊரில் முறம்.) தும்பிக்கை, தூசி உறிஞ்சும் மெஷினின் குழாய். உடம்பெல்லாம் சாம்பல் நிறத் துணி. கப்பலும் அட்டைதான், வெள்ளைப் படுக்கை விரிப்பில் பாய். கப்பலிலிருந்து இறங்கும் பலகையை மட்டும் கடை அலுமாரியிலிருந்து கழற்றி வந்திருந்தார்கள். நல்ல வழுவழுப்பான பலகை.

நான் ஜெசிந்தாவின் அலுவலகத் தோழர்களில் ஒருவனாக, வடைப் பெட்டி தூக்கும் சாக்கில் போயிருந்தேன். சூசைப்பிள்ளையின் கண்ணில் படாமல் சமையல் பக்கமே நின்றேன். கூத்து தொடங்கும் நேரத்தில் ஜெசிந்தா ஓடிவந்தாள்.

"ரெயில் வழியிலை நிண்டுபோச்சாம். ஜூட் வரேல்லை. நீர் வாரும்."

"எங்கே?"

"யானைக்குள்ளை."

"உங்க அப்பா?"

"அவர் தலையை மாட்டிட்டார், பின்னாலை பாக்கேலாது. சப்பாத்தைக் கழட்டும். ஒண்டு சொல்லுறன், வாயைத் திறக்காதையும். திறந்தால் முடிஞ்சுது!"

நான் காலுறையோடு குனிந்து யானைக்குள் நுழைந்தேன். கும்மிருட்டு. வெங்காய வாசம். முன்னால் ஓர் அகலமான முதுகு. அந்த முதுகின் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என் வருங்கால மாமனாரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

"டேய் ஜூட், வந்திட்டியே?" என்றது முதுகு.

என் கையிலிருந்த யாழ்ப்பாணத் தமிழில் பிழையில்லாத சொல் ஒன்றே ஒன்றுதான்.

"ஓம்" என்றேன்.

"நேரத்துக்கு வரத் தெரியாதே உனக்கு?"

"ஓம்."

வெளியே அண்ணாவியார் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வர இன்னும் நேரமிருந்தது. சூசைப்பிள்ளை பெருமூச்சு விட்டார். யானையே பெருமூச்சு விட்டது.

"எடேய், உவள் ஜெசிந்தா ஒரு இந்தியாக்காரப் பெடியனை விரும்புறாளாம். தெரியுமே உனக்கு?"

"ஓம்."

"நீ ஆளைப் பாத்தனியே?"

"ஓம்."

"கடைக்கு வந்து என்ன கதைச்சவன் தெரியுமே? பண்டித் தொடை! எங்கடை கோட்டையை! விசரன் மாதிரி இல்லையே?"

நான் பைத்தியமா என்று யோசித்தேன். யோசிக்க நேரமில்லை.

"ஓம்."

"எங்கடை பிள்ளைக்குச் சரிவராது, என்ன?"

உலகத்தில் எத்தனையோ பேர் பெண் கேட்டு நிராகரிக்கப்பட்டிருப்பார்கள். அந்த நிராகரிப்புக்கு யானைக்குள்ளிருந்து ஆமாம் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஓ...ம்."

அவர் தும்பிக்கைக் குழாயைச் சரிசெய்தார். பிறகு வேறொரு குரலில், "எனக்கு அவனிலை கோவம் இல்லையடா" என்றார். "இவளும் போனால் ஆரோடை நான் ஊரைப் பற்றிக் கதைக்கிறது? மற்றவங்களெல்லாம் பிரெஞ்சிலை பதில் சொல்லுறாங்கள்."

இதற்கு ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடுப்பு வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரத்தில் மத்தளம் அதிர்ந்தது.

யானை புறப்பட்டது. கப்பலின் மேல் நாலு காலும் சரியாகத்தான் வைத்தோம். சனம் கைதட்டியது. பிறகு சூசைப்பிள்ளை பலகையில் இறங்கினார். நானும் இறங்கினேன். வழுவழுப்பான பலகையில் காலுறை போட்ட கால் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் காவலூர் வரலாறு படித்தவன் படித்திருக்கவில்லை. கால் முன்னால் போனது. நான் பின்னால் போனேன். சரியாக மத்தளம் நின்ற அந்த நொடியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி யானையின் பின்பக்கத்திலிருந்து ஒரு கூக்குரல் எழுந்தது.

"மாமா! வழுக்குதுங்க!"

முன்பாதி அப்படியே நின்றது. சுளகுக் காதோடு மெதுவாகத் திரும்பப் பார்த்தது. "ஆரடா நீ?" என்று அது கேட்டு முடிப்பதற்குள் நான் விழுந்தேன். அவர் இடுப்பு வாரை விட்டிருக்கலாம். விடவில்லை. யானை நடுவில் கிழிந்தது, பலகை சரிந்தது, பாய்மரம் எங்கள் மேல் விழுந்தது, கப்பல் தட்டையானது. துணிக்கு வெளியே என் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, அண்ணாவியாரைத் தவிர. அவர் துறை அதிகாரியின் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, மெட்டை விடாமலே பாடினார். யானை கொண்டுவந்த கப்பல் உடைந்து போச்சே, அரசன் கட்டளைப்படி கால் பங்கு அரண்மனைப் பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு சொந்தக்காரனுக்கு என்று பாடி, கோலால் என் முழங்காலைத் தட்டினார்.

"இந்தக் கால் ஆரின்ரை காலப்பா?"

மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து யாரோ பதில் கொடுத்தார்கள்: "சூசையண்ணையின்ரை மருமோன்ரை! மாமா எண்டு கூப்பிட்டது கேக்கேல்லையே?"

காவலூரே சிரித்தது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் சிரிப்பதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பின் காரணமாக நான் இருந்ததும் இல்லை.

சமையலறையில் சூசைப்பிள்ளை கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியாமல், கிழிந்த சாம்பல் நிறத் துணியோடு வடைப் பெட்டி பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, நான் கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டு சொன்னனீர்" என்றார்.

"ஆமாங்க."

"மகளுக்குச் சரிவராது எண்டதுக்கும்."

"ஆமாங்க."

"பிறகென்ன? ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு. போயிட்டு வாரும்."

ஜெசிந்தாவின் அம்மா குறுக்கே வந்தார். "இஞ்சருங்கோ, விழேக்கையும் உந்தப் பிள்ளை உங்களைக் கைவிடேல்லை. பாத்தனியளே?"

"அவன் விடாததாலைதானே நான் விழுந்தனான்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஜூட் எண்டால் விட்டிட்டு ஓடியிருப்பான்."

சூசைப்பிள்ளை ஐஸ் பையை மறு பக்கம் மாற்றினார். நான் யானைக்குள் கேட்டதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பிரெஞ்சு சரியா வராதுங்க" என்றேன். "நீங்க ஊரைப் பத்திப் பேசினா நான் தமிழ்லதான் பதில் சொல்ல முடியும். அது தப்பாத்தான் இருக்கும். ஆனா தமிழா இருக்கும்."

அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். அடிபட்ட காலால். வலியில் முகம் சுளித்தார்.

"இரும்" என்றார். "முதலிலை அந்தக் கோட்டையின்ரை கதையைச் சரியாக் கேளும்."

கேட்டேன். வடை ஆறி, மண்டபத்தைப் பூட்டுகிறவர் வந்து சாவியை ஆட்டிக் காட்டும் வரைக்கும் கேட்டேன். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். கல்யாணப் படம் ஒன்றில்கூட என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. "உதுதான் அந்தக் கால்" என்று கீழே பார்க்கிறார்கள். ஊர்காவற்றுறைக்குப் போனபோது படகுத் துறையில் வரவேற்ற பெரியப்பா ஒருவர் என் கையைப் பிடித்து, "கவனம், இஞ்சை வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். குடும்பத்தில் என் பெயர் கால்பங்கு. சம்பளம் கூடியபோதும் அது அரைப்பங்கு ஆகவில்லை.

போன வருடம் மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னையும் மாமனாரையும் பார்த்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிள்ளை வகுப்பில், தன் அப்பா யானையின் பின்பக்கமாக இருந்தவர் என்று சொல்லியிருக்கிறாள். சர்க்கஸ் தொழில் குடும்பத்துக்குக் கஷ்டமாக இல்லையா என்பது அவர் கவலை.

நான் என் பிரெஞ்சில் கல்வெட்டிலிருந்து ஆரம்பிக்கப் பார்த்தேன். மாமனார் என்னைக் கையமர்த்திவிட்டு எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நொன் மதாம், சர்க்கஸ் இல்லை. காவலூர்" என்றார். "இவர் பின்பக்கம் மட்டும்தான். முன்பக்கம் நான்."