நீங்க எந்த முகாம்?

பெண் பார்க்க வருகிறவர்கள் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டால் அதில் பெண்ணின் பிழை எதுவுமில்லை. இதை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஏற்றுக்கொள்வதில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. வீடு போய், மட்டக்களப்புப் பக்கம் குருக்கள்மடத்தில் முகாமில் இருந்தோம். அப்போது கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கொரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய் என்னை ஒரு புடவைக்கடையில் தற்செயலாகச் சந்திப்பதுபோல வந்து பார்ப்பதாக ஏற்பாடு. (பிடிக்காவிட்டால் தேத்தண்ணிச் செலவும் மிச்சம்.) சரிவந்தால் முகாமை விட்டுத் தப்பலாம் என்ற ஆசையில், சோதனைச்சாவடிகளில் இறங்கி ஏறி, மாமாவுடன் கொழும்பு போய்ச் சேர்ந்தேன்.

காலி வீதி என்கிற அந்தப் பெரிய கடைத்தெருவில் சனம் நெருக்கியடித்தது. நகைக்கடைக்குள் போனவர்கள் மரக்கறி வாங்கிய முகத்தோடு வெளியே வந்தார்கள். கடைகளுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஓடுவதற்கு வழி பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாமா அவர்களை எதிர்பார்த்து வாசலில் நின்றுவிட்டார். (அந்தக் கடைக்கு இரண்டு வாசல் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.) நான் உள்ளே போனால், நான் உடுத்தியிருந்த அதே கத்தரிப்பூ நிறச் சீலையில், அதே வெள்ளைப் புள்ளிகளோடு, கடை நிறையப் பெண்கள்! என்னுடையது நிவாரணத்தில் வந்தது. முகாமில் பாதிப்பேர் அதைத்தான் உடுத்தியிருந்தார்கள். பாவம், இவர்களும் நம்மைப்போலத்தான் என்று கண் கலங்கி, பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தேன்.

"நீங்க எந்த முகாம், தங்கச்சி?"

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "இது கடை யூனிபோம், அக்கா."

மிஞ்சிய சீருடைகளைத்தான் எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது என் மண்டையில் ஏறுமுன்னரே, படத்தில் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தாய் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, கூறைச்சீலையள் எடுத்துக் காட்டும்."

முகத்தைப் பார்த்ததுமே கல்யாணக் கூறையா! சம்பந்தம் சரி என்று நினைத்து (மடைச்சி!), ஒவ்வொன்றாக என் தோளில் போட்டுக் காட்டினேன்.

"உமக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். "எங்கட பொம்பிளைக்கு எப்பிடி இருக்குமோ? மட்டக்களப்பிலயிருந்து வருதாம், இன்னும் காணேல்ல."

"அது நான்தான் மாமி."

அவர் என்னையும் மற்றப் பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கூறையை என் தோளிலிருந்து உருவினார்.

"இது நிவாரணத்தில தந்த சீலை மாமி. நாங்க முகாமில இரிக்கம்…"

அவர் காது கொடுக்கவேயில்லை. பெண் கடையில் வேலை செய்வதை மறைத்துவிட்டோம் என்று பிறகு தரகரிடம் சொல்லியனுப்பினார். அகதி என்று சொல்லியும் நம்பவில்லை. அதற்கு என்னிடமிருந்த ஒரே சாட்சி அந்தச் சீலைதான்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். "அந்த மனிசி மட்டும் இவ சொன்னத நம்பியிருந்தா, நான் தப்பியிருப்பன்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். நிவாரணக் கட்டு பிரித்த அன்று நெரிசலுக்குள் அடிபட்டு, இருந்ததிலேயே நல்லதென்று அந்தச் சீலையை எனக்காகப் பிடுங்கி வந்தவர் அவர்தான்.