பெரிய மாமா எடுத்த பெரட்டு

கையில் ஒரு பைல் இருந்தால் போதும், மனிதருக்குத் தன்னை அறியாமலே ஒரு திமிர் வந்துவிடும். எனக்கு இருபத்தாறு வயதில் வந்தது. நீல நிற பைல். உள்ளே நானே தட்டச்சு செய்த இரண்டு தாள்கள், இருபத்திரண்டு கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே மதிப்பெண் போட ஒரு கட்டம். மேலே தடித்த எழுத்தில் 'முதியோர் இல்லத் தேர்வு' என்று தலைப்பு வேறு. (தேர்வில் தோற்றது யார் என்பதுதான் கதை. அவசரப்படாதீர்கள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலாக்கா டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். தங்கா பத்துவில் ஒரு சின்ன வீட்டில் அம்மா, நான், அம்மாவின் அண்ணன் என்று மூன்று பேர் இருந்தோம். அந்த அண்ணன்தான் பெரிய மாமா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா போன பிறகு எங்களைத் தாங்கிப் பிடித்து, என்னை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்து, தட்டச்சு வகுப்புக்கும் அனுப்பியவர். (அந்தத் தட்டச்சுதான் பிற்பாடு இருபத்திரண்டு கேள்விகளாக அவர் மேலேயே பாய்ந்தது.)

மாமா, சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் மண்டோராக இருந்தவர். விடியும் முன்னே பால்வெட்டுகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. அதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். தாமதமாக வந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. மத்தியானம் பால் ஸ்டோரில் வாளிகளை எண்ணுவார். ஒரு வாளி குறைந்தால் ஒரு ஆள் இன்னும் காட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆள் வரும்வரை மாமா சோற்றில் கை வைக்கமாட்டார், தேடிக்கொண்டு போய்விடுவார். "முப்பத்தொரு வருசத்துல ஒரு ஆள காட்டுல விட்டுட்டு வந்ததில்ல" என்பதுதான் அவர் வாழ்நாளில் அடித்துக்கொண்ட ஒரே தம்பட்டம். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் கொட்டாவி விட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவருக்கு எழுபத்து மூன்று வயதில் மறதி நோய் வந்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார், பிறகு என்னை மறந்தார். கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடப் போனவர், எதைத் தேடினோம் என்பதை மறந்து போய்ப் படுத்துக்கொண்டார். (மறதி எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு முறைதான்.) இரண்டு தடவை பஸ் ஏறி, பழைய தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே ரப்பர் இல்லை, செம்பனை நின்றது. மூன்றாம் தடவை பெரிய ரோட்டில் லோரிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். அம்மாவுக்கு முட்டிவலி, பின்னாலேயே ஓட முடியாது. நான் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. ஆள் பார்த்துக்கொண்டே இருக்கும் இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா மூன்று நாள் அழுதார். நான்காம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எடம் பாரு. ஆனா எங்கண்ணன கண்ட எடத்துல கொண்டு போயித் தள்ளிட்டு வந்த, அப்புறம் நீ என் மூஞ்சில முழிக்காத" என்றார்.

"கவலப்படாதீங்கம்மா. நான் சிஸ்டமா செய்யறேன்" என்றேன். (சிஸ்டம் என்ற சொல்லை அலுவலகத்தில் அந்த மாதம்தான் கற்றிருந்தேன்.)

விசாரித்ததில் எல்லாரும் ஒரு இல்லத்தைத்தான் உயர்வாகச் சொன்னார்கள். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. போன் போட்டேன். மேட்ரன் என்று ஒரு அம்மா பேசினார். "ஆள் அமைதியானவரா? சத்தம் போடுறவங்கள நாங்க எடுக்கறதில்ல" என்றார். "ரொம்ப அமைதி மேடம், இருக்கிற எடமே தெரியாது" என்றேன். வாய் கூசவில்லை.

சனிக்கிழமை புதுப் பஞ்சாபி உடை உடுத்தி, அலுவலகத் தோழியிடம் இரவல் வாங்கிய குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு, பைலோடு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து மாமா வந்தார். காக்கி அரைக்கால்சட்டை, முட்டி வரை காலுறை, கான்வாஸ் சப்பாத்து, கையில் பிரம்பு. எங்கிருந்து எடுத்தார் என்றே தெரியவில்லை.

"எங்க போறோம்?"

"ஒரு எடத்தப் பாக்கப் போறோம் மாமா."

"தோட்டமா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஆமா மாமா, புதுத் தோட்டம்" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லா வினையும் அந்த ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது.

அவர் என் பைலை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் புது கெராணியா? பொம்பளப் புள்ளைங்கள எல்லாம் ஆபீஸ்ல எடுக்க ஆரம்பிச்சிட்டாங்களா? நல்லதுதான்." (தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் குமாஸ்தாவைத்தான் கெராணி என்பார்கள்.)

பஸ்ஸில் வழி நெடுக அவருக்குப் பாடம் நடத்தினேன். அங்கே பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, கேட்டால் மட்டும் தலையாட்ட வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒழுங்காகத்தான் ஆட்டினார்.

இல்லம் கண்ணைப் பறித்தது. ஜன்னலுக்கெல்லாம் லேஸ் திரைச்சீலை, முகம் பார்க்கலாம் போலத் தரை, வாசலில் ஓர்க்கிட் பூக்கள். கூடத்தில் வயதானவர்கள் டிவிக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழர்கள் பாதி, சீனர்கள் பாதி. மாமாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மேட்ரனின் அறைக்குப் போய்ப் பைலைத் திறந்தேன்.

இருபத்திரண்டு கேள்விகளையும் ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் கேட்டேன். "மொத்தம் பதினெட்டுப் பேர், ஒரே குடும்பம் மாதிரி" என்றார் மேட்ரன். பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன். சுத்தத்துக்குப் பத்துக்குப் பத்து. திரைச்சீலைக்குப் பத்துக்குப் பத்து. (ஆமாம், திரைச்சீலைக்கு ஒரு கேள்வி இருந்தது.) கூட்டிப் பார்த்தால் இருநூற்று இருபதுக்கு இருநூற்றெட்டு. என் பள்ளிக்கூட வாழ்க்கையில் நான் பார்த்திராத மதிப்பெண். சேர்க்கைப் பாரத்தை மேட்ரன் நீட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் கூடத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"பெரட்டூ..."

பத்து வருஷமாக நான் கேட்டிராத குரல். ஓடிப் போய்ப் பார்த்தால், மாமா கூடத்தின் நடுவில் பிரம்பை ஊன்றி நிற்கிறார். அவருக்கு முன்னால் கிழவர்களும் கிழவிகளும் வரிசை கட்டி நிற்கிறார்கள். முன்பு தோட்டத்தில் வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதல் ஆளாக. சக்கர நாற்காலியில் இருந்தவர் கையைத் தூக்கியபடி. ஒரு சீனத் தாத்தா, அவரும் ஒரு காலத்தில் பால் வெட்டியிருக்க வேண்டும், "அடா" என்றார் (மலாயில் 'இருக்கிறேன்'). யாரோ பயந்துபோய் டிவியைக்கூட அணைத்திருந்தார்கள்.

எனக்குப் பின்னால் வந்த மேட்ரனை மாமா பார்த்தார். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். மணி பதினொன்று.

"இதான் பெரட்டுக்கு வர்ற நேரமா? அரைப்பேரு. கெராணி, எழுதிக்க."

கெராணி என்றால் நான்தான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். "அமைதின்னு சொன்னீங்களே, மிஸ்" என்றார் மேட்ரன், பல்லைக் கடித்தபடி. முந்தானை சொருகிய கிழவி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மாமா பிரம்பை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு மேசைப் பக்கம் போனார். பத்து மணிக்குக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பைகள் அங்கே இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எழுதிய எண். அவற்றையும் எண்ணினார்.

"ஆளு பதினேழு. கோப்பை பதினெட்டு."

"எல்லாரும் இருக்காங்க அங்கிள், நீங்க ஒக்காருங்க" என்றார் மேட்ரன்.

நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, கெஞ்சிக் கேக்கறேன், வந்து ஒக்காருங்க. இந்த எடம் போயிரும்லா."

அவர் கையை விடுவித்துக்கொண்டார். கோபமில்லை. வேலை தெரியாதவர்களிடம் காட்டும் பொறுமைதான் முகத்தில் இருந்தது. "ஆளு கணக்கு சரியா வராம பெரட்ட கலைக்க முடியாது. நீ புதுசு, ஒனக்குத் தெரியாது" என்றார்.

பதினோராம் எண் போட்ட கோப்பையைத் தூக்கிக் காட்டினார். தேத்தண்ணி அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. "இது யாரோடது?"

சிரித்த கிழவி ஒரு அடி முன்னால் வந்தார். "சீனத்தி லானோடதுங்க ஐயா. குளிக்கப் போச்சு, இன்னும் காணல."

"எப்பப் போச்சு?"

"காலையில கோப்பி குடிச்ச கையோடங்க."

"ஏன் சொல்லல?"

"இங்க யாருங்க ஐயா கேக்கறாங்க?"

அந்தப் பதில் என் பைலில் இருந்த எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.

மாமா பின்கட்டுப் பக்கம் நடந்தார். நானும் மேட்ரனும் பின்னால் ஓடினோம். கடைசிக் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. காதை வைத்தால் மெல்ல ஒரு முனகல். மேட்ரன் முகம் வெளுத்துச் சாவி தேடப் போனார். உள்தாழ்ப்பாளுக்கு எந்தச் சாவி? மாமா தோளைக் கொடுத்துத் தள்ளினார். நான் குதிகால் செருப்பைக் கழற்றித் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். முதலில் குதிகால் உடைந்தது. அப்புறம் தாழ்ப்பாள் தெறித்தது. கதவு திறந்த வேகத்தில் முதலில் உள்ளே போய் விழுந்தது நானும் பைலும்.

லான் சுவரில் சாய்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. மாமா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சொந்தத் தங்கை மகளின் பெயர் நினைவில்லாத மனுஷன், தெளிவான மலாயில் சொன்னார்: "ஜாங்கான் தாக்கோட். மண்டோர் சுடா டத்தாங்." பயப்படாதே, மண்டோர் வந்துவிட்டேன் என்று. லான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. (எலும்பு முறிவுதான். பிழைத்துக்கொண்டார். மகன் வந்து வீட்டுக்கே கூட்டிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.)

மாமா கூடத்துக்குத் திரும்பினார். வரிசை அப்படியே நின்றது. ஒருவர்கூட உட்காரவில்லை.

"பதினெட்டு. ஆளு சரி. கலையலாம்."

சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு கால் உயரமும் ஒரு கால் மட்டமுமாக நின்றபடி நான் அவரைப் பார்த்தேன். வாயைத் திறக்காதீர்கள் என்று வழி நெடுகச் சொல்லிக் கூட்டிவந்தது இவரையா என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. இவர் என் மாமா என்று அங்கிருந்த பதினேழு பேரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பாரத்தைக் கையெழுத்தில்லாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் மாமா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "கெராணி, பதினெட்டுன்னு எழுதுன. எண்ணிப் பாத்தியா?"

"இல்ல மாமா."

"ஒனக்கும் அரைப்பேருதான்."

வெறுங்காலோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். நடந்ததைக் கேட்ட அம்மா, பல வாரம் கழித்து அன்றுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யான படுத்தாலும் குதிர மட்டம்டி. நீ அவருக்கு எடம் பாக்கப் போனியா, அவரு ஒனக்குப் பாத்துக் குடுத்தாரா?"

இரண்டு வாரம் கழித்து உம்பாய் பக்கம் இன்னொரு வீட்டைப் பார்க்கப் போனோம். இந்த முறை பைல் இல்லை. (நனைந்து உப்பிப்போனதை அம்மா சட்டிக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டார்.) திரைச்சீலையும் இல்லை, வாசலில் கோழி மேய்ந்தது. வீட்டை நடத்திய பிலோமினா அக்கா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கேட்டுவிட்டார்.

"எத்தன ஆளு?"

அக்கா நிமிரக்கூட இல்லை. "பதினொண்ணு ஐயா. எட்டு பேரு உள்ள, ரெண்டு பேரு கோழிக்குத் தீனி போடுறாங்க, ஒருத்தரு கக்கூசுல. இப்பதான் போனாரு."

மாமா பிரம்போடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கக்கூஸ் கதவையும் தட்டி, பதில் வாங்கிக்கொண்டு வந்தார்.

"நல்ல தோட்டம். நான் இங்க இருந்துக்கறேன். நீ போயி தொரைகிட்ட சொல்லிரு."

அவரை விட்டுவிட்டு எப்படித் திரும்புவது என்று இரவெல்லாம் தவித்தவள் நான். அவர் என்னை வேலை சொல்லி அனுப்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். துக்கத்தில் பாதி, நிம்மதியில் பாதி.

நான்கு வருஷம் அங்கே இருந்தார். அக்கா அவருக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கொடுத்தார். காலையும் மாலையும் பெரட்டு. ஒரு நாள்கூடக் கணக்குப் பிசகவில்லை என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் கல்யாணத்துக்கு அழைத்து வந்திருந்தோம். அலங்காரம் முடிந்து நான் மணவறைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. முன்வரிசையிலிருந்து மாமா எழுந்து, ஐயரே மந்திரத்தை நிறுத்திவிடும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்: "கெராணிக்கு அரைப்பேரு." மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும் அரைப்பேர்தான். காரை எடுக்கும் முன் ஆளை எண்ணாமல் கிளம்புவதில்லை. இப்போது எனக்கும் வயதாகிறது. போன வாரம் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினேன். என் மகள் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவலப்படாதீங்கம்மா. ஒங்களுக்கு எடம் பாக்க எனக்கு பைல்லாம் வேணாம். ஒரே கேள்விதான்."

"கேளு, நல்லாக் கேளு" என்றேன். "ஆனா அவங்க சொல்றத நம்பிராத. எண்ணிப் பாரு."