வியாழக்காவின் ஐந்து மணிக் கூட்டம்

கூட்டம் ஐந்து மணிக்கு. நாலேகாலுக்கு அரங்கில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இன்னொருவர் செல்போனுக்குச் சார்ஜ் போட வந்தவர். மூன்றாமவர் மட்டுமே அசல் பார்வையாளர்: ஓய்வுபெற்ற சர்வேயர். தலைப்பு எதுவானாலும் கடைசியில் எழுந்து, "இதுக்கு நாம என்ன பண்ணப் போறோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதுவரை யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

வாசலில் நின்ற வியாழக்கா இருநூறு நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தாள்.

அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. பல்கலைக்கழகத்தில் வியாழன்தோறும் நாட்டு நடப்பைப் பற்றிப் பொதுமக்களுக்காக நடக்கும் உரைகளை நாலு வருஷமாக ஏற்பாடு செய்கிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் வியாழக்கா. பேச்சாளரைப் பிடிப்பது, நோட்டீஸ் ஒட்டுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, நன்றி சொல்வது எல்லாம் அவள் வேலை. பல வாரங்களில் கவனமாகக் கேட்டதும் அவள் ஒருத்திதான். குப்பை, வாடகை, ரேஷன், ஓட்டுரிமை என்று எதைப் பற்றிக் கேட்டாலும் இன்றைக்கு அவளால் அரைமணி நேரம் பேச முடியும். கேட்கத்தான் ஆளில்லை.

அன்று காலை துணைவேந்தரே அவள் அறைக்கு வந்துவிட்டார்.

"இன்னைக்கு என்ன தலைப்பு?"

"'நகரத்தின் இரைச்சல்: அமைதி யாருக்குச் சொந்தம்?' சார்."

"நல்ல தலைப்பு. எத்தனை பேர் வருவாங்க?"

"நிறைய எதிர்பார்க்கிறோம் சார்."

"போன வாரம் எத்தனை பேர்?"

"ஒன்பது சார். என்னையும் சேர்த்து."

"ஒன்பது..." துணைவேந்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "சரி, வழக்கம்போல வந்துடறேன்."

அவர் தலை மறைந்ததும் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"அக்கா, கதை முடிஞ்சுது. ஒன்பதுன்னு சொல்லிட்டு வெளிய பாத்தாரு பாருங்க, போன வருஷம் தபால்வழிப் பிரிவை மூடறதுக்கு முன்னாடி அப்படியேதான் பாத்தாரு."

"மூடிட்டா என்னை எங்க போடுவாங்க?"

"பழைய விடைத்தாள் கிடங்குக்கு. ரெண்டு பஸ் மாறிப் போகணும். ஜன்னல் கிடையாதாம்."

துணைவேந்தர் ஊரில் இருந்தால் எந்த வியாழனையும் தவறவிடமாட்டார். கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்காருவார். கேள்வி கேட்க மாட்டார். நன்றியுரை தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். மனுஷன் ஒவ்வொரு காலி நாற்காலியையும் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அலுவலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

இப்போது அதை நினைத்ததும் வியாழக்கா கணவருக்குப் போன் போட்டாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்திருக்கும்.

"என்னங்க, டிப்போல யாராவது சும்மா இருக்காங்களா?"

"சும்மா இருக்கறதுக்குன்னே இங்க ஒரு ரூம் இருக்கு. ஏன்?"

"அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க. கை தட்டத் தெரிஞ்சா போதும்."

"எதைப் பத்திக் கூட்டம்?"

"வந்து தெரிஞ்சுக்கங்க!"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டிப்போவை நம்பி உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. எலக்ட்ரீஷியனைப் பிடித்து, தன் குரலைப் பதிவு செய்து, வளாகம் முழுக்க உள்ள ஒலிபெருக்கிகளில் போடச் சொன்னாள்.

"அமைதி யாருக்குச் சொந்தம்? அனைவரும் வருக! அமைதி யாருக்குச் சொந்தம்? அனைவரும் வருக!"

கட்டடங்கள் அதிர்ந்தன. மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. நாலாவது முறை கேட்டபோது அடுத்த கட்டடத்திலிருந்து ஒருவர் மழையில் நனைந்தபடி ஓடிவந்தார். பரீட்சைக் கண்காணிப்பாளர்.

"ஏம்மா, உள்ள முந்நூறு பிள்ளைங்க பரீட்சை எழுதறாங்க. அமைதி யாருக்குச் சொந்தம்னு நாலு தடவை கேட்டுட்டீங்க. அஞ்சு மணி வரைக்கும் எங்களுக்குத்தான் சொந்தம். நிறுத்துங்க!"

வியாழக்கா எலக்ட்ரீஷியனைத் தேடி ஓடினாள். ஒலிபெருக்கி அறை பூட்டியிருந்தது. சாவி எலக்ட்ரீஷியன் பையில். எலக்ட்ரீஷியன் டீக்கடையில். அவருடைய செல்போன் பூட்டிய அறைக்குள் உற்சாகமாக அடித்துக்கொண்டிருந்தது.

வேறு வழி தெரியவில்லை. வராந்தாவில் இருந்த பெரிய ஃபியூஸைப் பிடுங்கினாள்.

சட்டென்று அமைதி. கண்காணிப்பாளர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வியாழக்கா திரும்பி அரங்குக்குள் நுழைந்தாள். விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, மைக் இல்லை, படம் காட்டும் இயந்திரமும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து, "சார்ஜ் ஏறல," என்று ஒரு குரல் வந்தது. ஃபியூஸைத் திரும்பப் போட்டால் அறிவிப்பும் கூடவே திரும்ப வரும். அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் பேச்சாளர் வந்தார். வெளியூர்ப் பேராசிரியை. ஆராய்ச்சி செய்த விஷயம் குரலிலும் ஊறிவிட்டது போல, காதருகே ரகசியம் சொல்லும் தொனியில்தான் பேசுவார்.

"அமைதிக்கு ஒலிபெருக்கியில விளம்பரம்," என்றார் மெதுவாக. "இதை நான் என் கட்டுரையில சேர்த்துக்கலாமா?"

"மன்னிச்சுக்கங்க மேடம். மைக் வேற இல்ல."

பேராசிரியை அரங்கை ஒரு பார்வை பார்த்தார். "மூணு பேர்தானே? நான் பக்கத்துல போய் நின்னு பேசிடறேன்."

அவர் வாயை மூடுவதற்குள் வெளியே ஹாரன் அலறியது. டிப்போ ஊழியர் வண்டி. கணவர் முன்னால் இறங்க, ஓட்டுநர்களும் நடத்துநர்களுமாக ஐம்பது பேர் காக்கியில் திமுதிமுவென்று உள்ளே வந்து இடம் பிடித்தார்கள். வியாழக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷத்தில் இவ்வளவு தலைகளை அவள் இந்த அரங்கில் பார்த்ததில்லை.

படம் காட்ட முடியாததால், பேராசிரியை கொண்டுவந்திருந்த பெரிய தாளை மேடையில் விரித்து மாட்டினார். கணவர் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"நகரத்தின் இரைச்சலில் முதலிடம்... பேருந்து ஹாரன்."

ஐம்பது தலைகளும் வியாழக்கா பக்கம் திரும்பின.

"எங்களை உக்கார வச்சுத் திட்டறதுக்குத்தான் கூட்டிட்டு வரச் சொன்னியா?" என்றார் கணவர்.

"ஐயோ, எனக்கே இப்பதாங்க தெரியும்!"

"ஹாரன் அடிக்காம வண்டி ஓட்ட முடியுமா? இவங்களை வந்து ஒரு நாள் ஓட்டச் சொல்லு!"

"வாங்கப்பா போலாம்!" என்றது பின்வரிசை.

கணவரை அடக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய தங்கை. எதிர்ப்புறத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே விடுதியில் இருக்கிறாள். வியாழக்கா போனை எடுத்தாள்.

"உடனே கிளம்பி வா. உங்க அண்ணன் இங்க சண்டைக்கு நிக்கிறாரு."

"நானே அங்கதான் வந்துட்டிருக்கேன் அண்ணி. நான் மட்டும் இல்ல."

நாத்தனாரின் பின்னால் அறுபது நர்ஸுகள் வந்தார்கள். எல்லோர் முகத்திலும் தலையணை அச்சு இருந்தது.

"நாங்க எல்லாரும் நைட் டியூட்டி. ரோட்டுல அடிக்கிற ஹாரனைத் தாண்டி, மூணு மணிக்குத்தான் தூங்கினோம். நாலரைக்கு 'அனைவரும் வருக'ன்னு எழுப்பி விட்டுட்டாங்க. வந்துட்டோம். யாரு அண்ணி அந்தக் குரல்?"

"அது... யாரோ பதிவு பண்ணது," என்றாள் வியாழக்கா, குரலை மாற்றிக்கொண்டு.

இதற்குள் நாத்தனாரின் பார்வை மேடைத் தாளில் விழுந்துவிட்டது. பிறகு காக்கிச் சட்டைகள் மேல் விழுந்தது.

"ஓ, ஹாரன் அடிக்கிறவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்களா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

சத்தம் கூரையைத் தொட்டது. பரீட்சை முடிந்து வெளியே வந்த மாணவர்கள், இந்த வியாழன் அரங்கிலிருந்து மனிதக் குரல் கேட்பதே அதிசயம் என்று எட்டிப் பார்த்து, சுவாரசியம் பிடித்து, மிச்ச நாற்காலிகளிலும் சுவரோரத்திலும் நிறைந்துவிட்டார்கள். ஐந்து மணி தாண்டிச் சில நிமிஷத்தில் துணைவேந்தர் வாசலில் வந்து நின்றார்.

நின்றவர் நின்றபடியே இருந்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை வியாழக்கா கண்ணால் பார்த்தாள். தூண் ஓர நாற்காலியில் தாட்டியான ஒரு நடத்துநர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சார், வாங்க சார்!" அவள் ஓடிப்போய் அவரை அழைத்து வந்து, முதல் வரிசை நடுவில், சண்டைக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள்.

பேராசிரியை பேசத் தொடங்கினார். உதடுகள் அசைந்தன.

"கேக்கல!" என்றது அரங்கம்.

தாட்டியான நடத்துநர் எழுந்தார். "மேடம், நீங்க ஒவ்வொரு வரியாச் சொல்லுங்க. கடைசி சீட் வரைக்கும் நான் கொண்டு போறேன்."

பேராசிரியை ஏதோ முணுமுணுத்தார்.

"இரைச்சல்ங்கறது! ஏழைங்களைத்தான்! முதல்ல தாக்குது!" என்று நடத்துநர் முழங்கினார். "பணக்காரங்க! ஜன்னலைச் சாத்தி! ஏசி போட்டுக்கறாங்க! உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காத!" கடைசி வரி மாணவர்களுக்கு.

துணைவேந்தர் காதில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்கிறார் என்று வியாழக்கா பூரித்துப் போனாள்.

பத்து நிமிஷம் உரை நடந்தது. அப்புறம் நாத்தனார் எழுந்தாள்.

"அண்ணா, ஆஸ்பத்திரி வாசல்ல வந்ததும் ஏன் அப்படி அடிக்கிறே? அறுவை சிகிச்சை முடிஞ்சு படுத்திருக்கறவங்க எழுந்து உக்காந்துடறாங்க."

"ஸ்டாப் எங்க இருக்கு? வளைவுல இருக்கு. நீங்க எல்லாரும் டியூட்டிக்கு நேரமாச்சுன்னு ரெண்டு பக்கமும் பாக்காம ரோட்டுல குதிக்கிறீங்க. நான் அடிக்கலைன்னா அதே ஆஸ்பத்திரிக்குள்ள உன்னைத் தூக்கிட்டுத்தான் போகணும். பயந்து அடிக்கிறேன் தங்கச்சி."

அரங்கம் கொஞ்சம் அடங்கியது. அண்ணன் இத்தனை வருஷத்தில் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. செருகிய சேலையை இறக்கிவிட்டாள்.

"அதை ஒரு நாளும் சொல்லலியே."

"நீ தூங்கறதில்லைன்னு நீ சொன்னியா?"

அப்போது சர்வேயர் எழுந்தார். "இதுக்கு நாம என்ன பண்ணப் போறோம்?"

நாலு வருஷத்தில் முதன்முறையாக ஒரே நேரத்தில் இருபது பேர் அவருக்குப் பதில் சொன்னார்கள். சர்வேயர் தடுமாறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாப்பை வளைவுக்கு முன்னாலேயே தள்ளி வைக்கலாம் என்றார் ஓர் ஓட்டுநர். பல்கலைக்கழக மதில் ஓரமாக வைத்தால் நிழலும் உண்டு என்றாள் ஒரு நர்ஸ். எத்தனை அடி தள்ளினால் வளைவு தெரியும் என்று தாளின் பின்புறம் வரையத் தொடங்கினார் சர்வேயர்.

"மதில் பல்கலைக்கழகத்தோடது. துணைவேந்தர் ஐயா சொல்லணும்!" என்றார் நடத்துநர்.

எல்லோரும் கைதட்ட, துணைவேந்தர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. திரும்பி அத்தனை கூட்டத்தையும் பார்த்தார்.

"ஸ்டாப்பைத் தாராளமா வச்சுக்கங்க," என்றார். பிறகு அவர் குரல் கரகரத்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உழைக்கிற ஒரு மனுஷனுக்கு, ஏதோ ஒரு இடத்துல, ஒரு மணி நேரமாவது சத்தமில்லாம இருக்கக் கொடுத்து வைக்கக் கூடாதா?"

உள்ளத்திலிருந்து வந்த வார்த்தை. கைதட்டலும் விசிலுமாக அரங்கம் அதிர்ந்தது. இரண்டு நர்ஸுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துணைவேந்தர் நன்றியுரைக்குக் காத்திருக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆறரை மணிக்குத்தான் அரங்கம் காலியானது. நாத்தனாரும் கணவரும் ஒரே குடையில் பேசிக்கொண்டே நடந்தார்கள். "அடுத்த வாரம் என்ன தலைப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார் நடத்துநர். பேராசிரியை வியாழக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினெட்டு வருஷமா இதைப் பத்திப் பேசறேன். இன்னைக்குத்தான் ஒரு ஸ்டாப் நகர்ந்திருக்கு," என்றார். வழக்கம்போல அது பாதிதான் கேட்டது.

வியாழக்கா கடைசி ஜன்னலைச் சாத்தும்போது வாசலில் துணைவேந்தரின் டிரைவர் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதமே நல்லதாகப் படவில்லை. விடைத்தாள் கிடங்கு அவள் கண்முன் வந்து போனது.

"ஐயா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரும்மா."

"கேளுங்க."

"இனிமே எல்லா வாரமும் இப்படித்தான் கூட்டம் வருமா?"

அவள் நிமிர்ந்தாள். "இதைவிட அதிகமா வரும். ஐயாகிட்ட தைரியமாச் சொல்லுங்க."

டிரைவர் தலையைச் சொறிந்தார். காலி அரங்கையும், தூண் ஓரத்து நாற்காலியையும் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்தார்.

"வீட்டுல ரெட்டைப் பேரப்புள்ளைங்க, ஆபீஸ்ல விடாம போன். நாலு வருஷமா ஐயா நிம்மதியாத் தூங்கின ஒரே இடம் இதுதாம்மா."