ஒரு வார்த்தை விடாமல் படித்தவர்

தன் கண்ணில் எவனும் கத்தி வைக்கக்கூடாது என்று திருத்தம் என்கிற பெரியவர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போது. பிரஷ்ஷில் இருந்தது ஷேவிங் கிரீம் என்பது இரண்டாவது கொப்பளிப்பில்தான் தெரிந்தது. அப்போதும் அவர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவர். தெருவில் அவருக்குப் பெயரே திருத்தம்தான். கடைப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் உள்ளே போய்ச் சண்டை போட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வருவார். அப்பேர்ப்பட்ட கண்ணில்தான் இப்போது புரை. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. "கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எழுத்தெல்லாம் கல்வெட்டு மாதிரி தெரியுது" என்று அவரும் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், திருத்தத்துக்கு முதலாளியைக் கண்டு பயமில்லை, வீட்டுக்காரரைக் கண்டு பயமில்லை. ஊசி என்று காதில் விழுந்தால் மட்டும் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக ராஜினாமா செய்துவிடும்.

இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? வேறொன்று சொன்னார்.

"ஆபரேஷனுக்கு நான் எப்பவும் ரெடி. ஆனா செலவு? வயசானவங்க, வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு அரசாங்கம் மருத்துவ உதவி அட்டை கொடுக்குதாம். அட்டை வரட்டும். மறுநாளே போய்ப் படுத்துக்கறேன்."

"விண்ணப்பம் யார் எழுதறது?" என்றாள் மனைவி.

"என்ன கேள்வி இது? நான்தான். என்னை வீட்ல வச்சுக்கிட்டு வெளியில ஆள் தேடுவியா?"

திட்டமே அங்கேதான் இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் பிழையைக் களைந்தவருக்கு அதை நடத் தெரியாதா? பிழையான விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வரும்போதெல்லாம் ஆபரேஷன் தள்ளிப்போகும். பழி அலுவலகத்தின் மேல் விழும். இவ்வளவு கச்சிதமான திட்டம் ராணுவத்திடம்கூட இருக்காது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

முதல் விண்ணப்பத்தில் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டார். எட்டு வயதுச் சிறுவனுக்கு முதியோர் உதவி கிடையாது என்று பதில் வந்தது. இரண்டாவதில் வருமானம் எழுதவேண்டிய கட்டத்தில் வீட்டு எண்ணையும், வீட்டு எண் கட்டத்தில் வருமானத்தையும் எழுதினார். தங்கள் தெருவில் அத்தனை வீடுகள் இல்லையே என்று அலுவலகம் வருத்தப்பட்டது. மூன்றாவதில் மனைவி பெயர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதி, தன்னைத்தானே கட்டிக்கொண்டார்.

"பாத்தியாம்மா? ஏழைக்கு எங்க வழி விடறாங்க?" என்று பெருமூச்சு விட்டார்.

"அச்சகத்துல இந்த மாதிரி எத்தனை தப்பு விட்டிருப்பீங்க?"

"ஒண்ணுகூட இல்ல." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ம்" என்றாள். அவளுடைய 'ம்' ஒரே ஒரு மெய்யெழுத்துதான். பொருள் மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும்.

மூன்று வாரம் அவள் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் காலை, "இந்தத் தடவை தபால் வேணாங்க. நேர்லயே போயிடலாம். உதவிப் பிரிவு பெரிய ஆஸ்பத்திரி கீழ்த்தளத்துலயே இருக்காம்" என்றாள். திருத்தம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நேரில் போனால் நேரிலேயே பிழை விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலரம்மா ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"ஐயா, முழுசாப் படிச்சுப் பார்த்துட்டு, சம்மதம்னா கீழ கையெழுத்துப் போடுங்க. நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"யாருக்கு, எனக்கா?" என்று சிரித்தார் திருத்தம்.

காகிதம், பாலில் எறும்பு விழுந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் மனைவி. தெரியவில்லை என்று சொன்னால் எட்டு மாதத்துக் கல்வெட்டு பொடிப்பொடியாகிவிடும். விரலை மேலிருந்து கீழே மெல்ல ஓட்டினார். உதட்டை அசைத்தார். இரண்டு இடத்தில் நிறுத்தி, பழைய வழக்கப்படி தலையாட்டினார்.

"பிழையே இல்ல. நல்லா அச்சுக் கோத்திருக்காங்க."

"முழுசாப் படிச்சீங்களா? சந்தேகம் எதுவும் இல்லையே?"

"ஒரு வார்த்தை விடாம."

மனைவியின் விரல் காட்டிய இடத்தில் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார்.

"நிறைய பேர் இந்த இடத்துல பயந்துடுவாங்க. நீங்க தைரியசாலி" என்றார் அலுவலரம்மா. "நர்ஸ் வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாங்க. பத்தரைக்கு ஆபரேஷன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஆபரேஷனுக்குச் சம்மதம்னுதானே இப்பக் கையெழுத்துப் போட்டீங்க?"

திருத்தம் மெல்லத் திரும்பினார். மனைவி கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அட்டை வந்து பத்து நாளாச்சு. போன்லயே விண்ணப்பம் எடுத்துக்கறாங்க. நாப்பது நிமிஷம் காத்திருக்கச் சொன்னாங்க. டெலிபோன் ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் ஊரையே காக்க வச்சவ நான். எனக்கு அது பெரிசா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"போன மாசம் பஸ் வர்றது தெரியாம ரோட்ல இறங்கினீங்க. சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அறுந்தது சட்டை நூல் மட்டும்தானே, உயிர் இல்லையேன்னு வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள்தான் போனை எடுத்தேன்."

திருத்தத்துக்கு முன்னால் இரண்டே வழி. படித்தேன் என்றது பொய் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லையென்றால் கண்ணைக் கொடுக்கலாம். கொஞ்ச நேரம் யோசித்தார். கண்ணைக் கொடுத்தார்.

"தெரியாமயா போட்டேன்? உனக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டுமேன்னுதான்."

"இருக்குங்க" என்றாள் அவள்.

நர்ஸ் வந்ததும் முழங்கால்கள் வழக்கம்போல் ராஜினாமா செய்தன. மனைவியின் தோள் பொறுப்பேற்றுக்கொண்டது. உள்ளே இருபது நிமிஷம் ஆனது. ஊசி எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்தவரிடம், முடிந்துவிட்டது, எழுந்திருங்கள் என்றார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது மனைவியின் முகம். காதோரத்து முடி முழுக்க நரைத்திருந்தது. இது எப்போது நடந்தது என்று கேட்க வாயெடுத்தார். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது.

"அந்தக் காகிதத்தோட நகலைக் கொண்டா. அரசாங்கக் காகிதத்துல ஒரு பிழையாவது இல்லாம இருக்காது."

கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்து, புதுக் கண்ணால் எழுத்தெழுத்தாகப் படித்தார். சந்தி சரி. புள்ளி சரி. கடைசி வரிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பேனாவை மூடினார்.

"ஏம்மா, இதுல இரண்டு கண்ணுக்கும்னு போட்டிருக்கே."

"ஆமாங்க. இடது கண்ணுக்கு அடுத்த புதன்கிழமை" என்றாள் அவள், நாள்காட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "வெள்ளைச் சட்டையை இப்பவே துவைக்கப் போட்டுட்டேன்."