தானா சரியாயிடும்

‘தானா சரியாயிடும்’ கட்சிக்காரர்களை உங்களுக்குத் தெரியாமலிருக்காது. குழாய் ஒழுகினாலும், பல் ஆடினாலும், நெஞ்சை அடைத்தாலும் இவர்களிடம் மருந்து ஒன்றுதான்: அந்த இரண்டு வார்த்தை.

நம் தச்சர் அந்தக் கட்சியின் ஆயுட்கால உறுப்பினர். அவருக்கு மூட்டுவாதம், உடம்பே தன் மூட்டுகளை அந்நியமென்று நினைத்துத் தாக்குகிற ரகம். அதை அடக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

"இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைக்கும். சின்னப் புண்ணுல கிருமி புகுந்தாக்கூட மளமளன்னு பரவும். காய்ச்சல், சீழ் எது வந்தாலும் அன்னைக்கே வந்துடணும்" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். தச்சர் தலையாட்டினார். தலையாட்ட என்ன கஷ்டம்?

ஒரு செவ்வாய்க்கிழமை அலமாரிக் கதவை இழைக்கும்போது வலது கட்டைவிரலில் மரச் சிலாம்பு ஏறியது. பிடுங்கினார்; பாதிதான் வந்தது. மீதியின் மேல் மரப்பசையைத் தடவி, ஊதிக் காயவைத்து, வேலையைத் தொடர்ந்தார். கதவுக்கும் அதே பசை, கைக்கும் அதே பசை. பாரபட்சமே கிடையாது!

வியாழக்கிழமை இடது கையில் ஸ்பூன்.

"என்ன, என்னைக்கும் இல்லாத திருநாளா ஸ்பூன்ல சாப்பிடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு மாறுதலுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். மகள் தெர்மாமீட்டரை எடுத்தாள். அவள் வருவதற்குள் மனிதர் ஒரு செம்பு குளிர்ந்த நீரை வாயில் கொப்பளித்து முடித்திருந்தார். வாயில் வைத்துப் பார்த்தால், காய்ச்சல் இல்லை! "பார்த்தியா?" என்று வெற்றிப் புன்னகை. அவள் தெர்மாமீட்டரை உதறி அக்குளில் செருகினாள். நூற்று இரண்டு. ஸ்வெட்டர் கையை ஏற்றினால், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடு.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. விரலைக் கீறிச் சீழை எடுத்து, ஐந்து நாள் ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியபோது தச்சர் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "மாத்திரையை நிறுத்திடுவாங்களோன்னு பயம், அதான் மறைச்சேன். நிறுத்தினா பழையபடி விரல் மடங்காது. இழைப்புளியைப் பிடிக்க முடியாது."

காதில் வாங்கிக்கொண்டே வந்த டாக்டரம்மா சிரித்துவிட்டார். "புண் ஆறுற வரைக்கும் கொஞ்ச நாள் நிறுத்துவோம், அப்புறம் மறுபடி குடுக்கப் போறோம். கையே போயிருந்தா எதுல பிடிச்சிருப்பீங்க?"

தச்சர் கட்சி மாறிவிட்டார். இப்போது கொசு கடித்தாலும் டாக்டரம்மாவுக்கு போன் பறக்கிறது, அவர்தான் பாவம்.

நமக்கென்ன, நாம் அந்த ஆளில்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள், சரி. சிரித்துக்கொண்டே சட்டைக் காலரை ஏன் மேலே இழுத்துவிடுகிறீர்கள்? கழுத்தில் அது என்ன, கொப்புளமா?