பத்தியம் அண்ணாச்சியின் அரிப்பு ஃபைல்

உலகத்தில் நடக்கும் எல்லாத் தப்புக்கும் முந்தின நாள் யாரோ எதையோ தின்றதுதான் காரணம் என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் பத்தியம் அண்ணாச்சி. தென்காசியில் எங்கள் ஆபீஸில் ரிக்கார்டு கிளார்க். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

டைப்பிஸ்ட் ஓர் எழுத்தை விட்டுவிட்டால், "என்னலே, நேத்து கத்திரிக்காயா?" என்பார். ஒரு நாள் ஆபீஸ் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கியது. அண்ணாச்சி கடிகாரத்தைத் திறக்கவில்லை. அதற்குச் சாவி கொடுக்கும் பியூனைக் கூப்பிட்டு, ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தார். "மொச்சைக்கொட்டை அண்ணாச்சி" என்றான் அவன். "பாத்தியளா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

அந்த மனிதரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் நான். எனக்குக் கீழப்பாவூரில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். ஃபோட்டோ போய்ச் சேர்ந்து, ஆடி கழிந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆனிக் கடைசியில் சாரல் தொடங்கியது. குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்றுவிட்டு, ஈரத் துண்டோடு வாழைக்காய் பஜ்ஜி தின்றேன். எத்தனை என்று கேட்காதீர்கள். மறுநாள் காலையில் உடம்பெல்லாம் தடிப்பு. முகம் பணியாரமாக உப்பியிருந்தது.

அழகன் என்று என்னை என் தாயாரே சொன்னதில்லை. அதனால் அழகு போச்சே என்ற கவலை இல்லை. ஃபோட்டோவில் இருந்தவனும் நானும் ஒரே ஆள்தான் என்று பெண்வீட்டார் நம்ப வேண்டாமா? அதுதான் கவலை. டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் மட்டும் வந்தது. ஆபீஸில் குறட்டை விட்டு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"மாத்திரைய தூரப் போடுலே. எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு, ஒண்ணொண்ணாச் சேத்துப் பாப்போம். கள்ளன் தானா அம்புடுவான்" என்றார் அண்ணாச்சி. உப்புப் போட்ட கஞ்சி மட்டும். மூன்று நாளைக்கு ஒரு பண்டம் கூடும். கடலைமாவுப் பலகாரத்துக்கு முதல் நாளே தடை.

ரிக்கார்டு கிளார்க் அல்லவா? என் உடம்புக்கு ஒரு ஃபைல் திறந்தார். தடிப்புகளைச் சுற்றிக் காப்பிப் பென்சிலால் வட்டம் போட்டு, நம்பர் கொடுத்து, பத்திரம் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டார்: 'தடிப்பு நம்பர் ஏழு. இதற்கு நான்கெல்லை: வடக்கே பிடரி, தெற்கே அரைஞாண் கயிறு, கிழக்கே முதுகெலும்பு, மேற்கே அக்குள்.' நானும் மாட்டைப்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடுபவர் என் முதுகைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "இந்த ஒடம்புல எண்ணெய் போட மாட்டேன் அண்ணாச்சி. யாரோ நம்பர் போட்டு வச்சிருக்காவ." காப்பிப் பென்சில் நனைந்தால் மையாகிவிடும்; அருவித் தண்ணீர் பட்டதும் எழுத்து ஊதாவாகக் கரைந்து காலில் ஓடியது. நெரிசலில் நின்ற கூட்டம் மளமளவென்று விலகியது. அருவி முழுக்க எனக்கே கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

தடிப்பு மட்டும் நின்றபாடில்லை. பூசணிக்காயைச் சேர்த்தோம், தடித்தது. பூசணிக்காய் குற்றவாளி. பால், தேங்காய், புளி எல்லாம் வரிசையாக மாட்டின. கடைசியில் தண்ணீர் மேலேயே சந்தேகம் வந்து, செங்கோட்டைக் கிணற்றிலிருந்து குடம் குடமாக வரவழைத்தார். தினமும் சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையாரிடம் முறையிடப் போவோம். அங்கே கொடுக்கும் சுண்டல்தான் எனக்கு அன்றைய பொழுதில் ருசி என்று இருந்த ஒன்று. வெட்கமில்லாமல் மூன்று முறை கை நீட்டுவேன். குருக்கள் முகம் சுளித்தாலும், அண்ணாச்சி எனக்காக இன்னொரு பிடி கேட்டு வாங்குவார்.

ஆவணி பிறந்தது. அண்ணாச்சியும் நானும் கீழப்பாவூருக்கு பஸ் ஏறினோம். பிள்ளையார் பிரசாதம் என்று ஒரு பெரிய இலைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். பாதியை பஸ்ஸிலேயே நான் தீர்த்தேன். பெண் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஃபோட்டோவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

பெண்ணின் அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி தட்டின் குறுக்கே கையை நீட்டினார். "மாப்பிள்ளை பத்தியம். கடலைமாவு ஆவாது." உடனே பையிலிருந்து ஃபைலை எடுத்து, சபை நடுவில் என் முதுகின் நான்கெல்லையை வாசிக்கத் தொடங்கிவிட்டார். கல்யாணம் இதோடு போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. கை தானாக ஒரு பிடி சுண்டலை அள்ளி வாயில் போட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். பெண்தான். "ஏம்மா, அவியகிட்ட கேளு. கடலைமாவு ஆவாதுன்னு சொல்லுதாவ, கொண்டக்கடலைய மட்டும் அள்ளித் திங்குதாவளே?"

"அது பிரசாதம்லா!" என்றார் அண்ணாச்சி. "பிரசாதம் எப்படித் தாயி சாப்பாட்டுக் கணக்குல வரும்?"

சொன்னவருக்கே பொறி தட்டியது. ஃபைலைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார். பெண்ணின் அப்பாதான் முதலில் சிரித்தார். கதவுக்குப் பின்னாலும் வளையல் குலுங்கியது. இப்படிப்பட்ட மடையனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அந்தப் பெண் அப்போதே முடிவு செய்தாளாம். பிறகு என்னிடம் சொன்னாள், பலமுறை.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி ஃபைலை மடித்துப் பையின் அடியில் சொருகினார். தென்காசி நெருங்கியதும் மெல்லச் சொன்னார்.

"அந்தச் சுண்டல் கோயில் கட்டளை இல்லலே. நாந்தான் நேந்துக்கிட்டுக் காசு குடுத்துப் போடச் சொன்னேன். ஒனக்கு அரிப்பு நிக்கணும்னு, ஒரு மண்டலம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மிச்ச நாள் சுண்டலையெல்லாம் அவரே தெருவுக்குக் கொடுத்து நேர்ச்சையை முடித்தார். நான் சுண்டலை விட்ட நாலாம் நாள் தடிப்பு அடங்கியது. ஃபோட்டோவில் இருந்த அதே முகத்தோடு மணவறையில் உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி போய்ப் பல வருஷம் ஆகிறது. கொண்டைக்கடலை இருக்கும் பந்தியில் இன்றும் நான் உட்காருவதில்லை. ஆனால் அவர் ஒரு தடவை எதிரே வந்து, "இந்தாலே" என்று ஒரு பிடி சுண்டலை நீட்டினால், வாங்கித் தின்றுவிட்டு ஒரு வாரம் சந்தோஷமாகச் சொறிந்துகொண்டிருப்பேன்.